ஏழு நிமிடப் புதினா

பத்து மணி பதினான்கு நிமிடத்துக்குத் தங்கைக்குப் போனில் செய்தி வந்தது. பேசியவர் அக்காவின் கணவர்; நேரத்தைச் சொன்னவரும் அவர்தான்.

"பத்து பன்னெண்டுக்கு உங்கக்கா போயிட்டா, பாப்பா. டாக்டர் வந்து அவர் ஒரு நேரம் எழுதுவாரு. ஆனா பத்து பன்னெண்டு."

முப்பத்தொரு வருடம் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, அனுப்பி வைக்க வண்டி இல்லாத குறையைப் புதினா டீயில் தீர்த்துக்கொண்டார். தலைவலிக்கு மூன்று நிமிடம். வயிற்று உப்புசத்துக்கு ஐந்து. நெஞ்செரிச்சலுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் ஏழு. சளி என்றால் குடிப்பதற்கு முன் ஆவி பிடித்தாக வேண்டும். இலையை நசுக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து ஒரே தட்டு. கோப்பையைச் சாசரால் மூடாமல் விட்டால் கோபம் வந்துவிடும். "சத்தெல்லாம் கூரைக்குப் போகுது பாரு. கூரைக்கு என்ன வயித்துவலியா?"

டீ ஊறும் நேரம் முழுவதும் அறைக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். தெருவில் அவருக்கு 'மூணு நிமிஷம்' என்று பெயர். அது காதில் விழுந்தால் பட்டம் வாங்கியவர்போலத் தலையசைப்பார்.

மனைவியின் தங்கை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அவளுக்கும் இந்த டீக்கும் இரண்டு வருடமாக ஆகாது.

"அத்தான், அக்காவுக்கு இருக்கிறது வெறும் நெஞ்செரிச்சல் இல்ல. டாக்டர்கிட்ட காட்டணும்."

"காட்டலாம். முதல்ல ஏழு நிமிஷம் விட்டுப் பாப்போம்."

சுவரோடு பேசியிருந்தால் சுவராவது எதிரொலித்திருக்கும். அவர் பழைய சகாக்களைப் பார்க்கப் போன ஒரு பகலில், தங்கையே அக்காவைக் கூட்டிக்கொண்டு போனாள். இதயத்தில் கோளாறு, தினமும் மாத்திரை. வெளியே வந்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரிய வேணாம்டி. டீதான் கேக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. முகம் வாடிப்போயிடும்."

அன்றிலிருந்து, அக்கா பின்னுவதற்கென்று தங்கை வாங்கிவரும் நூல்கண்டுப் பைக்குள் மாத்திரை அட்டை ஒளிந்து போயிற்று. மாதக் கடைசியில் அக்கா போன் செய்வாள். "அத்தான்தான் உன்கிட்ட பேசச் சொன்னாரு" என்றுதான் ஆரம்பிப்பாள். கேட்டதும் தங்கைக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடப் பிறந்தவளோடு பேசுவதற்கும் இந்த மனிதர் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டுமா?

அவள் போய்ச் சேர்ந்தபோது அக்காவை உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். அவர் சமையலறையில் இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு எது? தலையா, வயிறா?"

"ஒண்ணும் இல்லண்ணே" என்றார் வாசற்படியில் நின்ற பழைய டிரைவர். "அண்ணிய பாக்க வந்தேன்."

அவர் சற்று யோசித்தார். "அதுக்கு அஞ்சு."

டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடமும் நின்றார், பணிமனையில் புறப்பாட்டுக்கு நின்றதுபோலவே. வாங்கிக் குடித்தார். போனார்.

தங்கையால் அதற்குமேல் முடியவில்லை. இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியிருந்தது வந்துவிட்டது.

"போதும் அத்தான், இந்த டீ. அக்காவுக்கு இதயத்துல கோளாறு. ஒண்ணரை வருஷமா மாத்திரை சாப்பிட்டா. உங்களுக்குத் தெரியாம."

அவர் சாசரைத் துடைத்து வைத்தார்.

"காலையில வெள்ளை ஒண்ணு, மஞ்சள்ல பாதி" என்றார். "கடிகாரம் ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல இருக்கு. அவ மாத்திரை போட்டுக்கிற நேரத்துக்கு நான் எதுக்கு ஜன்னல் பக்கம் திரும்பி நிப்பேன்னு நெனச்ச?"

அவள் ஜன்னலிலிருந்து கடிகாரத்துக்குத் திரும்பிப் பார்த்தாள்.

"அட்டையில நாலுதான் மிச்சம்னா, தங்கச்சிகிட்ட பேசும்மான்னு சொல்லுவேன்."

"தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"டீ கேக்குதுன்னு எனக்காகச் சொல்லிக்கிட்டு இருந்தா. அதை எதுக்குக் கெடுக்கணும்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. மாத்திரையை மறைக்க மாதம் ஒன்றாகப் பதினெட்டு நூல்கண்டு வாங்கியிருக்கிறாள். அக்காவுக்குப் பின்னவே தெரியாது. இந்த வீட்டில் ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்ததில் அவள் ஒருத்திதான் முட்டாளாகியிருக்கிறாள். கோபித்துக்கொள்ளலாம் என்றால் யாரைக் கோபித்துக்கொள்வது? உள்ளறையில் கிடப்பவளையா, இவரையா?

"இன்னைக்கும் ஏழுக்குத்தான் போட்டேன். பத்து எட்டுக்கு" என்றார் அவர். "நாலாவது நிமிஷம் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுச்சு. இன்னைக்குத்தான் நடுவுல திரும்பினேன்."

பக்கத்து வீட்டம்மா அழுக்குப் பாத்திரங்களைத் திரட்டிக்கொண்டு போக வந்தாள். மேடையின் மூலையில், சாசர் கவிழ்த்து வைத்த ஒரு கோப்பை தனியாக இருந்தது. அவள் கை அதனிடம் போனதும் அவர் தன் கையைக் குறுக்கே வைத்தார்.

கோப்பைக்குப் பக்கத்தில் அதற்கென்று எடுத்து வைத்த இன்னொரு வடிகட்டி ஈரமில்லாமல் கிடந்தது. பத்து எட்டுக்குப் போட்ட அந்த டீ இன்னும் வடிகட்டப்படவில்லை.