கரந்தை வாசம்

சொர்ணவல்லியின் மூக்கு செத்துப்போய் ஒரு மாதம் ஆகிறது. காய்ச்சல் வந்தது, போனது. போகும்போது வாசத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்த வாடைகூடத் தெரியவில்லை. புருஷன் மலையாண்டியிடம்கூட இதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை.

மூக்குத்தானே என்று மற்றவர்கள் இருந்துவிடலாம். கண்மாய்த் தண்ணீர் வற்றியதும் தரையோடு முளைக்கிற கொட்டைக்கரந்தையைப் பறித்து, கந்தர்வக்கோட்டை நாட்டு மருந்துக்கடைக்கு பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவள் அப்படி இருக்க முடியுமா? ஊதா உருண்டையாகப் பூத்துவிட்டால் குருடனுக்கும் தெரியும். ஆனால் பூத்த செடி மருந்துக்கு ஆகாது என்பார் கடைக்காரர். இளசாக இருக்கும்போதே கசக்கி மோந்து பார்த்துத்தான் பிடுங்க வேண்டும். பக்கத்திலேயே அச்சடித்தாற்போல வேறு பூண்டும் நிற்கும்.

காலையிலிருந்து கசக்கினாள், மோந்தாள். எல்லாம் வெறும் காற்று. இதுவா, அதுவா? கை பழக்கத்தில் பிடுங்கியது. மனசு ஆமாம் என்றது, உடனே இல்லை என்றது. சாக்கு நிறைந்தபோது பயம்தான் மிஞ்சியது. யாரோ பெற்ற பிள்ளை இதைக் கஷாயமாகக் குடிக்கும்.

கண்மாயின் அந்தக் கோடியில் காத்தாயி பறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. காத்தாயி சாக்கில் கண்ட பூண்டும் கலந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் போட்டுக்கொடுத்ததே சொர்ணவல்லிதான். அந்த வாயை வைத்துக்கொண்டு இப்போது எப்படிக் கேட்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சாக்கை இழுத்துக்கொண்டு போனாள்.

"எனக்கு வாசம் தெரியல காத்தாயி. செத்த மோந்து பாத்துச் சொல்லு."

காத்தாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சாக்குக்குள் முகத்தை விட்டு எடுத்தாள். "எல்லாம் கரந்தைதான். கொண்டுபோயி பஸ்ஸுல ஏத்து."

சொர்ணவல்லி சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள். நிஜமா? பழைய கோபமா? இல்லை, ஐயோ பாவம் என்று சொல்கிறாளா? அந்த முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. பஸ் வரும் நேரம் வேறு. நாலு எட்டு நடந்தவள் திரும்பி வந்தாள்.

"ஒம் பேத்திக்கு இதக் காய்ச்சிக் குடுப்பியா?"

காத்தாயி தரையைப் பார்த்தாள். பிறகு, "இங்கிட்டுக் கொட்டு" என்றாள்.

கொட்டிய குவியலில் ஒவ்வொரு செடியாக மோந்து, பாதிக்கு மேல் தூர எறிந்தாள். முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று சொர்ணவல்லி கேட்கவில்லை. எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் நீட்டிய செடிகளை மட்டும் வாங்கிச் சாக்கில் போட்டாள்.