ஒரே அடுப்பில் ஏழு பேர்

பதிமூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் என் அப்பாவைப் பெற்ற தாத்தாவைச் சேர்த்திருந்தோம். பகலில் அவருக்குத் துணை நான்தான். அப்போதுதான் லாரி புக்கிங் ஆபீஸ் ஆரம்பித்திருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போனில் லோடு பேசிக்கொண்டிருப்பேன். பொறுமை என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

தாத்தா உலகப்போர் சமயத்தில் கப்பல் படையில் இருந்தவர். படாளத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர், பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்தார். பீரங்கி, துப்பாக்கி எதையும் அவர் தொட்டதில்லை. கப்பலின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. "சண்ட நடந்துச்சுன்றாங்க. நான் இன்னாத்த கண்டேன், கரியத்தான் கண்டேன்" என்பார். அவர் சொன்னதெல்லாம் சிரிப்புக் கதைகள்தான். கூட இருந்த பஞ்சாபிக்காரருக்கு ஆசையாக ரசம் வைத்துக் கொடுத்தாராம். அவர் அதில் கையைக் கழுவிவிட்டு நன்றி சொன்னாராம். இதை நூறு தடவையாவது கேட்டிருப்போம். கப்பல் எப்படி முழுகியது என்று கேட்டால் மட்டும், "முழுவிப்பூட்ச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அவரை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. தன் அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுத்து முடித்த பிறகு, தாத்தா இன்னும் ஏழு பெயர்கள் சொல்வார். அதில் ஒருவர் முஸ்லிம், இரண்டு பேர் பஞ்சாபிகள், ஒருவர் மலையாளி. "இவாள்லாம் என்ன உறவு?" என்று ஐயர் கேட்பார். தாத்தா யோசிக்கவே மாட்டார். "ஒரே அடுப்பு சாமி" என்பார். எங்கள் பக்கத்தில் ஒரே அடுப்பு என்றால் பாகம் பிரியாத பங்காளிகள். தாத்தா சொன்னதோ கொதிகலனை. ஐயரும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எள்ளும் தண்ணீரும் விடச் சொல்வார். நான் நாலு அடி தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருப்பேன். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பெயர்கள் என் காதில் விழுந்தன. விழுந்ததோடு சரி.

அந்த வருடம் அமாவாசையன்று அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். படுத்தபடியே கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, தண்ணீர் விடுகிற மாதிரி சரித்துப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு பெயர் வந்தது. ஏழாவது வரவில்லை. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் ஆறோடு நின்றுவிட்டது.

"டேய், ஏழாவது யார்ரா? நீதான் கூடவே நின்னுகினு இருந்தியே."

"எனக்குத் தெரியல தாத்தா. சும்மா பேஜார் பண்ணாம படு."

அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நெனச்சுப் பார்த்துச் சொல்றா. அவன வுட்டுட்டு நான் எப்டிறா போவேன்?"

கையில் குத்தியிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் வந்தது. நர்ஸ் ஓடிவந்து, என்னைத்தான் திட்டினார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வேலூருக்கு லோடு ஏற்றப்போன டிரைவர், நாலாவது தடவையாகக் கூப்பிடுகிறார். திரையில் தெரிந்த அவர் பெயரை அப்படியே சத்தமாகப் படித்தேன். "இதான் தாத்தா ஏழாவது பேரு" என்றேன்.

தாத்தாவைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையைச் சொல்வதென்றால், எனக்கு அந்தப் போனை எடுக்க வேண்டியிருந்தது.

தாத்தா அந்தப் பெயரை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஆமாண்டா, அவந்தான். நெஞ்சுக்குள்ளயே கீது, வாய்ல வரல பாரேன்." அப்புறம் அழ ஆரம்பித்தார். எண்பத்தெட்டு வயது மனிதர் அப்படி விம்மி அழுது நான் பார்த்ததேயில்லை.

"அன்னிக்கு எனக்குப் பல்லு வலி. என் முறைக்கு அவன் எறங்குனான். நீ போய்ப் படு, நான் பாத்துக்கிறேன்னு சொல்ட்டுப் போனான். வெடிச்சப்போ கீழ இருந்தவன் ஒருத்தனும் மேல வரல. நான் மேல படுத்துகினு இருந்தேன்டா."

பிறகு அந்த டிரைவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மன்னிச்சுக்கடா, மன்னிச்சுக்கடா" என்று கைகூப்பினார். போன் மறுபடி அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. அது பொய் தாத்தா என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மறுபடி தேட ஆரம்பித்துத் தவிப்பாரே என்று பயந்தேன். சொல்லாமல் இருப்பதும் பாவமாகத்தான் பட்டது. கடைசியில் அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் தாத்தா போய்விட்டார்.

காரியம் முடிந்த கையோடு தேட ஆரம்பித்தேன். அப்பாவைக் கேட்டால், "வருசா வருசம் கூடப் போனவன் நீ. என்னைக் கேக்குறியே" என்றார். பரணில் இருந்த தாத்தாவின் காகிதங்களைக் கரையான் அரித்திருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கப்பலின் பெயர் என்ன என்றார். தாத்தா அதற்குப் பெயர் சொல்லி நாங்கள் யாரும் கேட்டதில்லை. கடைசி வரை அவருக்கு அது "நம்ம கப்பல்"தான். அன்று ஆஸ்பத்திரியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னதில் மனதில் நின்ற ஆறு பெயர்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. அவையும் எங்கள் ஊர் வாயில் புகுந்து புறப்பட்டவை. பஞ்சாபில் யாராவது அவற்றைக் கேட்டால் அடையாளம் தெரியுமோ என்னவோ. இன்னும் ஐந்து நிமிடம் நான் பொறுத்திருந்தால் தாத்தாவே ஏழாவதையும் ஞாபகப்படுத்திச் சொல்லியிருப்பாரோ என்று நினைக்காத நாளில்லை.

இந்த வருட அமாவாசைக்கும் மாமல்லபுரம் போனேன். கூட வந்த அப்பா தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுத்து முடித்ததும், நான் ஆறு பெயர்களையும் சொன்னேன். இன்னும் ஒருத்தர் இருக்கிறார் என்றதும் ஐயர் பெயர் கேட்டார். தெரியாது என்றேன். "பரவாயில்லை, மனசுல நெனைச்சுண்டு விடுங்கோ" என்றார். மனதில் நினைக்க எனக்கு ஒரு முகம்கூட இல்லை. கையில் இருந்த தண்ணீர் விரலிடுக்கில் தானாகவே வழிந்து தீர்ந்தது.

தாத்தாவுக்குக் கல்யாணம் ஆனதே கப்பலிலிருந்து ஊர் திரும்பிய பிறகுதான். என் அப்பா, அத்தைகள், நான், என் பிள்ளைகள் என்று இன்றைக்கு இருபத்திரண்டு பேர் இருக்கிறோம். பல்வலிக்காரனைப் படுக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிய ஒருவரால்தான் நாங்கள் இத்தனை பேரும் வந்தோம். அவருக்கென்று எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெயர்தான், அதையும் ஒரு போன் எடுக்கிற அவசரத்தில் நான் தொலைத்துவிட்டேன்.