ஓக் மேஸ்திரியின் இடதுபக்கப் பை

2012 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை. விடியற்காலை முதல் நூலிழை போன்ற தூறல். மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று. ஓக் மேஸ்திரி இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, படையின் சுடுகளத்துக்குப் போகும் பட்டறை வேனின் முன்னிருக்கையில் அமர்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தார். சென்ற ஞாயிறன்று கோஜே கடலில் தாம் பிடித்த மீன் முழங்கை நீளம் இருந்தது என்றார். வேன் கிம்ஹே ஊரெல்லையைத் தாண்டுவதற்குள் அந்த மீன் தோள்பட்டை வரை வளர்ந்துவிட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த முதலாளி பியோ திரும்பிப் பார்க்கவில்லை.

"சுடுகளம் போய்ச் சேர்றதுக்குள்ள அது திமிங்கலமாயிடும்போல. கொஞ்சம் மெதுவா வளர விடுய்யா" என்றார்.

அந்த ஞாயிறன்று ஓக் மேஸ்திரி கடற்கரைப் பக்கமே போகவில்லை. மனைவி தோக்-இம் இட்ட ஆணைப்படி மொட்டைமாடியில் மெத்தைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். இது பியோவுக்கும் தெரியும்; ஏனெனில் அவர் வீடு எதிர்த்தெருவில்தான் இருக்கிறது.

ஓக் சி-தால் என்ற அந்த மேஸ்திரியின் பொய்களால் எவருக்கும் இழப்பு நேர்ந்ததில்லை. அவருக்கும் ஆதாயம் கிடைத்ததில்லை. சிலர் வேலை செய்கையில் சீழ்க்கை அடிப்பது போல அவர் பொய் சொல்வார். மருத்துவரிடம் குடியை விட்டுவிட்டதாகச் சொல்வார். குடித்தோழர்களிடம் மருத்துவரே அளவாகக் குடிக்கச் சொன்னதாகச் சொல்வார். பன்றி எலும்புச் சாறும் சோறும் விற்கும் மூலைக்கடையில், இளமையில் தாம் வட எல்லையில் இயந்திரத் துப்பாக்கி பிடித்து நின்ற கதையைச் சொல்லாத மழைநாளே கிடையாது. உண்மையில் அவர் படையில் பிடித்தது கத்தரிக்கோலை. முகாமின் முடிதிருத்தும் அறையில் அவர் முன் தலைகுனியாத வீரன் ஒருவனும் இல்லை என்பது மட்டும் கலப்பற்ற உண்மை.

அன்று காலையும் ஒரு பொய்யோடுதான் புறப்பட்டார். கால்சட்டையின் இடதுபக்கப் பை கிழிந்திருக்கிறது, கழற்றிக் கொடுத்தால் தைத்துத் தருகிறேன் என்றாள் தோக்-இம். நேற்றே தாமே தைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார்.

பியோவின் பட்டறையில் தகட்டை வெட்டி வளைக்கும் பிரஸ்கள் மூன்று உண்டு. இயந்திரத் துப்பாக்கிக்கான தோட்டாக்களைப் பட்டையாகக் கோக்கும் இரும்புக் கண்ணிகளைச் செய்வது ஒன்றே அங்கே தொழில். எஃகு நாடா ஒருபுறம் பிரஸ்ஸுக்குள் நுழைய, மறுபுறம் கண்ணிகள் உதிரும். அவற்றை உலையில் பதமேற்றிக் கறுப்புப் பூச்சுப் பூசி எண்ணெயில் முக்கி எடுப்பார்கள். கண்ணிக்கு ஒருபக்கம் ஒற்றை வளையம், மறுபக்கம் இரட்டை வளையம். ஒன்றின் ஒற்றை வளையம் அடுத்ததன் இரட்டை வளையத்துக்கு நடுவில் பொருந்தி நிற்க, அவற்றினூடே செருகிய தோட்டாவே ஆணியாகி இரண்டையும் பிணைக்கும். துப்பாக்கி அந்தத் தோட்டாவை உருவியவுடன் கண்ணி தனியே கழன்று தரையில் விழும். பிடி இறுகினால் துப்பாக்கி திக்கும்; தளர்ந்தால் பட்டை நடுவில் அறுந்துபோகும். கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்து குப்பையாகிவிடும் ஒரு பொருளுக்கு இவ்வளவு சீராட்டு வேறெங்கும் நடப்பதாகத் தெரியவில்லை.

"பிடிக்கவும் தெரியணும், கேட்ட உடனே விடவும் தெரியணும். மாப்பிள்ளை பாக்கிற மாதிரிதான்" என்பார் ஓக் மேஸ்திரி. அவருக்குப் பெண் பிள்ளைகள் இல்லை.

கடைசிப் பார்வை அவருடையது. கேஜ் என்னும் அளவுகோலில் பொருந்தி வந்த கண்ணிகளை மறுபடியும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். பிடிக்காததைத் தகரத் தொட்டியில் வீசுவார். ஒவ்வொரு தொகுதியிலும் தாம் கழித்தவற்றில் ஒன்றை மட்டும் இடதுபக்கப் பையில் போட்டுக்கொள்வார். நாள் முழுவதும் பைக்குள்ளேயே அதை விரலால் நெருடிக்கொண்டிருப்பார். நெருட நெருடக் கறுப்புப் பூச்சு தேய்ந்து, அதன் விளிம்பு வெள்ளிக்காசு போலப் பளபளக்கும். காரணம் கேட்டவர்களிடம், "கெட்டதைத் தொட்டுக்கிட்டே இருந்தாத்தான் நல்லது கைக்குப் புரியும்" என்பார். தோக்-இம்முக்கு இதில் வேறு கருத்து உண்டு. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிதர் என்பாள்.

இம்முறை பையிலிருந்த கண்ணி பட்டறையில் ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டிருந்தது. கேஜ் அதை ஏற்றது. சோதனைக்கு வந்த படை அலுவலரும் அளந்து பார்த்துக் குறையில்லை என்றார். ஓக் மேஸ்திரி மட்டும் ஒரு வளையம் சோம்பலாக இருக்கிறது என்று சொல்லித் தள்ளினார்.

"கேஜ் ஏத்துக்கிட்டதைத் தள்ள நீ யாருய்யா? சோம்பலா இருக்காம். அதென்ன உன் மச்சானா?" என்று கத்தினார் பியோ.

"நான் தள்ளினது தள்ளினதுதான். என் பேர் சொல்லி அது வெளியே போகாது" என்று சொல்லிவிட்டு ஓக் மேஸ்திரி அதைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கண்ணியில் என்ன குறை என்பது இன்றுவரை வேறெவருக்கும் தெரியாது. குறையே இல்லாமலும் இருக்கலாம்.

ஒவ்வொரு தொகுதியையும் படை ஏற்கும் முன் சுடுகளத்தில் சுட்டுப் பார்ப்பார்கள். வழக்கமாக முதலாளியோடு அவர் மருமகன் போவார். மருமகனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அன்று அந்த வாய்ப்பு ஓக் மேஸ்திரிக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகளாகக் கண்ணி செய்தவர், தம் கண்ணி ஒரு துப்பாக்கிக்குள் போவதை அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மூலைக்கடையில் அவர் கதைகளைக் கேட்டவர்களுக்கு இது தெரியாது.

வாயிற்காவலன் கைப்பேசிகளை வாங்கிக்கொண்டு, உலோகப் பொருள் வேறு ஏதேனும் உண்டா என்று கேட்டான். மறைத்துக் கொண்டுபோனவருக்கு மறுபடி இந்தக் கதவு திறக்காது என்பதையும் பணிவாகவே சொன்னான்.

"தங்கப் பல்லு ஒண்ணு இருக்கு தம்பி. கழட்டித் தரவா?" என்றார் ஓக் மேஸ்திரி. காவலன் சிரித்துவிட்டான். சிரித்தவன் பையைச் சோதிப்பதில்லை.

களத்தில் துப்பாக்கியோடு நின்றவன் சார்ஜென்ட் நாம்குங். சிவந்த காதுகளும் எதற்கெடுத்தாலும் முகம் மலரும் இயல்பும் கொண்டவன். மறுநாள் மோக்போவில் அவனுடைய அக்காளுக்குத் திருமணம். தகப்பன் இல்லாத வீடு. அக்காளின் கைபிடித்து மண்டபத்துக்குள் அழைத்து வரவேண்டியவன் அவனே. மாலைப் பேருந்தில் விடுப்பில் கிளம்பப் பெட்டியெல்லாம் கட்டிவைத்திருந்தான். இவையனைத்தையும் ஓக் மேஸ்திரி, ஜின்யோங்கிலிருந்து வாங்கிவந்த பெர்சிமன் பழம் ஒன்றைச் சீவிக் கொடுக்கும் நேரத்துக்குள் அவனிடமிருந்து கறந்துவிட்டார். பதிலுக்கு எல்லையில் தாம் துப்பாக்கி பிடித்த கதையைச் சொன்னார். நாம்குங் வாய்பிளந்து கேட்டான். "அப்ப உங்களுக்கு இதெல்லாம் சாதாரணம் ஐயா" என்றான்.

முதல் சுற்று வெடித்ததுமே ஓக் மேஸ்திரி கண்களை இறுக மூடிக்கொண்டார். கைகள் தாமாகவே காதுகளுக்குப் போயின. மீண்டும் கண்ணைத் திறந்தபோது பட்டை முழுவதும் ஓடி முடிந்திருந்தது. துப்பாக்கி ஒருமுறையும் திக்கவில்லை. அதன் வலப்பக்கத்துப் புல்லில் கண்ணிகள் ஆவி பறக்கக் கிடந்தன. முப்பது ஆண்டுகள் காத்திருந்து அவர் கண்டது அவ்வளவே. முதலாளி பக்கம் சாய்ந்து, "எங்க காலத்துல இதைவிடச் சத்தம்" என்றார்.

படையில் சுடுவது எளிது. சுட்டதைப் பொறுக்கி ஒப்படைப்பதுதான் கடினம். வெற்றுத் தோட்டாக் கூடானாலும் கண்ணியானாலும் போன எண்ணிக்கை அப்படியே திரும்பி வரவேண்டும். கூடுகள் சரியாக இருந்தன. கண்ணிகளில் ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினார்கள்; மறுபடியும் ஒன்று குறைந்தது. கண்ணாடி அணிந்த கேப்டன் யோம், குரலை உயர்த்தாமல், கணக்கு மூடும்வரை எவரும் களத்தைவிட்டு நகர வேண்டாம் என்றார். கணக்கு மூடாவிட்டால் தொகுதிக்குக் கையொப்பம் இல்லை. விசாரணை முடியும்வரை துப்பாக்கிக் குழுவில் எவருக்கும் விடுப்பும் இல்லை. நாம்குங்கின் காதுகள் வெளுத்தன.

எல்லாரும் வரிசையாக முழங்காலிட்டு, ஈரப்புல்லை விரல்களால் கோதிக்கொண்டு முன்னேறினார்கள். வீரர்களோடு பியோவும் இறங்கினார். ஓக் மேஸ்திரியும் இறங்கினார். வானத்தில் பறக்கும் விமானத்தை வீழ்த்தும் கருவிகளைத் தயாரிக்கும் ஒரு நாட்டில், வளர்ந்த மனிதர்கள் பேன் பார்ப்பது போல ஒரு குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூறல் வலுத்தது. பியோவின் முழங்கால் மூட்டுகள் ஓசையிட்டன.

"உன் கண்ணிதானே, பேர் சொல்லிக் கூப்பிடுய்யா, வருதா பாப்போம்" என்று முனகினார்.

மாலைப் பேருந்து போய்விட்டது. இரவுப் பேருந்து ஒன்று இருக்கிறது என்று நாம்குங் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஓக் மேஸ்திரி அவனுக்கு அடுத்தாற்போல் தவழ்ந்துகொண்டிருந்தார். தம் காலத்தில் இப்படிக் காணாமற்போன ஒன்றை ஒரு வாத்தின் வயிற்றிலிருந்து எடுத்ததாக ஒரு கதையை அவனுக்காகவே புனைந்தார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

வெளிச்சம் மங்கும் வேளையில் நாம்குங்கே கத்தினான். அவன் உள்ளங்கையில் ஒரு கண்ணி. வரிசை முழுவதும் எழுந்து ஆரவாரித்தது. ஒருவன் தொப்பியைத் தூக்கிப் போட்டான். பியோ முழங்காலைத் தடவிக்கொண்டே, இன்றைய சோஜு சாராயம் தம் கணக்கில் என்று அறிவித்தார். கேப்டனுடைய முகத்திலும் முதன்முறையாக ஒரு தளர்ச்சி தெரிந்தது.

ஓக் மேஸ்திரி இடது கையைப் பைக்குள் விட்டார். விரல்கள் இரண்டு அடித்தையலைக் கடந்து தொடையைத் தொட்டன. அவர் தவழ்ந்து வந்த வழியில்தான் நாம்குங் அதைக் கண்டெடுத்திருந்தான்.

கேப்டன் யோம் கண்ணியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். மற்றவை கறுத்திருக்க இதன் விளிம்பு மட்டும் ஏன் பளபளக்கிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. சந்தேகம் என்றுகூடச் சொல்லமுடியாது; ஒழுங்கான மனிதர், கேட்டுவிட்டுக் கையொப்பமிட விரும்பினார், அவ்வளவே. செய்தவரையே கேட்போம் என்று அதை ஓக் மேஸ்திரியிடம் நீட்டினார்.

ஓக் மேஸ்திரியின் கை எங்கே இருக்கிறது என்று பியோ பார்த்தார். பார்த்தவுடன் எல்லாம் புரிந்தது. அவர் வாழ்நாளில் எவரிடமும் இவ்வளவு கெஞ்சலாக விழித்ததில்லை. திமிங்கலம் வளர்த்த வாயிடம் அவர் வேண்டியது ஒரே ஒரு சொல். கேஜ் ஏற்ற கண்ணி. அளந்த அலுவலரும் ஏற்ற கண்ணி. பார்க்கப்போனால் அது பொய்யாகக்கூட ஆகாது. நாம்குங் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, பழம் தின்றபோது சிரித்த அதே சிரிப்போடு நின்றான்.

ஓக் மேஸ்திரி கண்ணியை வாங்கவில்லை. கட்டைவிரலை மட்டும் நீட்டி, கேப்டன் கையிலிருந்தபடியே அந்த வளையத்தை ஒருமுறை அழுத்தினார். பிறகு கால்சட்டையை முழங்காலருகே இழுத்துவிட்டுக்கொண்டு, ஈரப்புல்லில் மறுபடியும் மண்டியிட்டார்.

"ஐயா, இது இன்னிக்குச் சுட்டதுல விழுந்ததுதானே?" என்று கேட்டார் கேப்டன்.

"இல்லீங்க. அது நான் கழிச்சுப் போட்டது."