பேரிங் போன பாட்டும் பால்ராஜ் அண்ணனும்

பால்ராஜ் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது அவருடைய பிரஸ் மெஷின் சத்தத்தை வைத்து நான் செய்த பாட்டுதான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் பஸ்ஸில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். அவர் மகள் ஷீலா அனுப்பியிருந்தாள்: "அக்கா, அப்பா காலையில போயிட்டாங்க." பாட்டை நிறுத்தக் கை வரவில்லை. நிறுத்தினால் அவரும் நின்றுவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. இறங்க வேண்டிய ஸ்டாப் எப்போது போனதென்றே தெரியவில்லை.

ஹெப்பகோடிப் பட்டறையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், தங்கவயல்காரர். எனக்குக் கீழ்வீட்டுக்காரர். நான் செய்வது டார்க் சைட்ரான்ஸ் இசை: விடாமல் ஒரே வேகத்தில் அடிக்கும் தாளம், அதன்மேல் இருட்டில் ஊர்கிற மாதிரி ஒலிகள். அதோடு இண்டஸ்ட்ரியல் மெட்டலின் கிதாரையும் இரும்புச் சத்தத்தையும் கலப்பேன். ஒரு ஞாயிறு மதியம் கதவைத் தட்டி, மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார்.

"மேடம், மோட்டார் ஆஃப் மாடி! பேரிங் ஹோகிதே!"

"அண்ணா, அது மோட்டார் இல்ல, பாட்டு."

"பாட்டா? அப்போ பாட்டுக்குத்தான் பேரிங் போயிருக்கு."

சிரிக்கவே இல்லை, பாவி மனுஷன். உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். "இரும்பு இப்படிக் கத்தாதும்மா. நிஜ இரும்ப நான் காட்டறேன், வா."

முதலாளியிடம் கேட்டு, ஞாயிறுதோறும் பட்டறைக்கு அழைத்துப் போனார். தகடு வெட்டும் மெஷின்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுவார். நான் மைக் பிடித்துப் பதிவு செய்வேன். தொல்லை என்னவென்றால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. "கேட்டியா, மூச்சு வாங்குது." "இப்ப தூக்கத்துல பொரளுது பாரு." வீட்டுக்கு வந்து அவர் குரலை வெட்டுவதே எனக்குப் பிழைப்பு. வெட்டியதை அழித்தும்விடுவேன்.

முடிந்த பாட்டை மொட்டைமாடியில் ஓடவிடுவோம். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அரைமணி போனால் தண்ணீர்த் தொட்டி, காயும் துணிகள், எதிர் அபார்ட்மெண்ட் எல்லாமே மெதுவாக மிதக்கத் தொடங்கும். ஷீலா கிண்டல் செய்வாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "இது பாட்டில்லடி, சர்வீஸுக்கு விட்ட கனவு," என்பார்.

கடைசியாகப் பட்டறைக்குப் போன அன்று எரிச்சலில் கத்தியேவிட்டேன். "அண்ணா, ஒரு தடவையாவது வாய மூடிட்டு நில்லுங்க!" அவர் தலையாட்டிவிட்டு மெஷினைப் போட்டார். அப்போதே அவருக்கு நெஞ்சு சரியில்லையாம். எனக்குத் தெரியாது.

இந்த வாரம் முழுக்க அவர் குரலைத் தேடினேன். ஒரு துண்டுகூட இல்லை. அவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறேன், பெரிய கெட்டிக்காரி. வெட்ட எதுவும் இருக்காது என்று தொடாமலே விட்ட அந்தக் கடைசிப் பதிவு மட்டும் இருந்தது. பதினோரு நிமிஷம் மெஷின் அடிக்கிறது. அவர் பக்கத்தில் நிற்கிறார், பேசவில்லை. மெஷின் ஓய்கிறது. அப்புறம் ரொம்ப மெல்ல, "இப்பப் பேசலாமாம்மா?" என்கிறார்.

அதோடு பதிவு முடிகிறது. நிறுத்தியது நான்தான். அதற்குப் பிறகு அன்று அவர் என்ன பேசினார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பதிவை ஷீலாவுக்கு அனுப்பிவிட்டேன். அவர் குரல் என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். அதை வைத்தே அடுத்த பாட்டைத் தொடங்கியிருக்கிறேன். இதில் எதையும் வெட்டமாட்டேன்.

பேசுங்கண்ணா.