தேவனிலிருந்து வந்த அக்கா

என் அக்கா இங்கிலாந்தில் டெவன் என்ற மாவட்டத்தில் இருக்கிறாள். அம்மாவுக்கு அந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து யாராவது "மூத்தவ எங்க இருக்கா?" என்று கேட்டால், "தேவன்ல இருக்கா" என்பாள். விவரம் தெரியாத ஒரு போதகர் அம்மாவின் தலையில் கைவைத்து ஆறுதல் ஜெபமே செய்துவிட்டார். அம்மாவும் ஆமென் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

பர்மாவில் எண்பத்தெட்டாம் வருட மாணவர் போராட்டத்துக்குப் பிறகு யாங்கோனில் கல்லூரிகள் மூடிக் கிடந்த காலத்தில் கல்யாணமாகிப் போனவள் அவள். பதினாலு வருடம் கழித்துப் பத்து நாள் லீவில் வந்தாள். வந்த அன்றே யாங்கோனின் தின்கன்ஜூன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டெவன் புராணத்தைத் தொடங்கிவிட்டாள். பளபளப்பான கையேடு ஒன்று வேறு கொண்டுவந்திருந்தாள். குடியிருக்க, வேலை பார்க்க, சுற்றிப் பார்க்க அதைப் போல் இடமே இல்லையாம். ஒரு பக்கம் கடலாம், ஒரு பக்கம் பச்சைப் புல் மேடாம். பலகையில் போட்ட நிமிடத்துக்கு பஸ் வருமாம். கரண்ட் போகவே போகாதாம். பாலாடையைக் கெட்டியாக வழித்து பன்னில் அப்பித் தின்பார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடுகிறவளும் நான்தான். அவளுக்கு டெவன் அழகாக இல்லாமல் என்ன செய்யும்? நோயாளி அம்மாவை இங்கே என் தலையில் கட்டிவிட்டுத்தானே போனாள்.

அம்மாவின் காதில் இதெல்லாம் விழவே இல்லை. பத்து ராத்திரியும் மகள் தன் பக்கத்தில் படுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காகப் புதுப் பாய் வாங்கி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வார்டு அலுவலகத்துக்காரர் வந்து நின்றார். எங்கள் ஊரில் வெளியாள் யார் ராத்தங்கினாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். "அமே, எதே ஷிலா?" என்று அம்மாவைக் கேட்டார். வீட்டில் விருந்தாளி உண்டா என்று பொருள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா "எதே மஷிபூ" என்று சொல்லிவிட்டாள். விருந்தாளி இல்லையாம்! அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். இவள் விருந்தாளி இல்லை, என் வயிற்றில் பிறந்தவள், வார்டில் பதிந்த குடும்பப் பட்டியலில் பெயர் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பர்மா பாஷையில் அடித்துச் சொன்ன அம்மா, அலமாரியிலிருந்து பட்டியலையும் எடுத்து நீட்டினாள்.

அக்காவின் பெயர் சிவப்பு மையில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. செத்தவர்களுக்கும் நாட்டைவிட்டுப் போனவர்களுக்கும் ஒரே சிவப்பு மைதான். ஓரத்தில் என் கையெழுத்து. என் மகனைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பட்டியலைப் புதுப்பிக்கப் போனபோது, வெளிநாட்டில் குடியேறியவரின் பெயரை எடுத்தால்தான் முத்திரை என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஓட்டலில்தான் தங்க வேண்டும், இருட்டுவதற்குள் கிளம்பட்டும் என்று அவர் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். பிறந்த வீட்டில் ஒருத்தி படுத்துத் தூங்க எவனுடைய முத்திரை வேண்டும்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அக்காவாவது சும்மா இருந்திருக்கலாம்.

"எங்க டெவன்ல யாரு வீட்ல யாரு தூங்குறாங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

"அப்ப அங்கயே போய்த் தூங்கு!" என்று கத்திவிட்டேன்.

அக்கா பெட்டியைத் தூக்கினாள். அம்மா மாற்று லுங்கி இரண்டையும் சர்க்கரை மாத்திரையையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள்.

"நீ எங்கம்மா போற?" என்றேன்.

டாக்ஸியில் ஏறுவதற்கு முன்னால் அம்மா திரும்பினாள்.

"நீ வீட்டப் பாத்துக்க" என்றாள். "பட்டியல்ல நீதான இருக்க."