மரியான் பாஸ் விரித்த பத்திரிகைத் தாள்

செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் செய்தி சொன்னவர் எங்கள் சாரதி முருகையா. "மரியான் பாஸ் போயிட்டாரும்மா. நெஞ்சு வலின்னாராம், அவ்வளவுதான்." அடக்கம் எப்போது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அன்று முழுவதும் வெள்ளவத்தை வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேறு எவர் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.

கொட்டாஞ்சேனை கராஜில் பாஸிடம் வாகனம் திருத்தியவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். என் கணவர் விட்டுப்போன உழவு இயந்திரம் வயலைக் கண்டதேயில்லை. துறைமுகப் பக்கத்துக் களஞ்சியங்களுக்கு மூடை இழுத்தே கிழடானது. மூன்று வருடங்களுக்கு முன் அதன் எஞ்சின் ஒயில், தண்ணீர் கலந்து, பால்தேநீர் நிறத்துக்கு மாறியது. முருகையா ரேடியேட்டருக்கு ஊற்றவேண்டிய தண்ணீரை ஒயில் துவாரத்தில் ஊற்றிவிட்டார் என்று தீர்மானித்தேன். "நான் ஊத்தலைங்கம்மா" என்றார். இனி வரவேண்டாம் என்றேன்.

கராஜுக்குக் கொண்டுபோனபோது, பாஸ் ஒயில் அளக்கும் கோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒயில் மாத்திப் பாத்தனீங்களா?"

"மாத்தினனான். வேற ஆள்தான் ஓட்டினது. மூண்டாம் நாள் திரும்பவும் இதே நிறம்."

"அப்ப, நிப்பாட்டின மனுசன் வீட்டில இருந்துகொண்டே ஊத்தினவனோ?"

அப்படியானால் எஞ்சினின் மேல்மூடிக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட்தான் பழுது, அதை மாற்றுங்கள் என்றேன். "ஊகத்துக்கு நான் நட்டுக் கழட்டிறதில்ல, அம்மா." அடியிலுள்ள ஒயில் தொட்டியைக் கழற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் கொடுத்தார். எஞ்சினுக்குக் கீழே பத்திரிகைத் தாளை விரித்துவிட்டுப் பலகைப் பெட்டியில் அமர்ந்தார். நான் அங்குமிங்கும் நடந்தேன்.

"நீங்க நடந்தா தண்ணி கெதியா வராது."

ஒரு மணித்தியாலம் கழித்து, மூன்றாவது சிலிண்டருக்கு நேர்கீழே ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. சிலிண்டரின் உட்குழாயான லைனரின் அடியில் தண்ணீரை மறிக்கும் ரப்பர் வளையம் விட்டுப்போயிருந்தது. லைனரை வெளியே எடுத்தபோது, வளையம் அமரும் இடத்தைத் துரு தின்றிருந்தது.

"துருவை மறிக்கிற கூலன்ட் ஊத்தினதில்லையோ?"

கணவர் இறந்தபின், குழாய்த்தண்ணீர் போதும் என்று உத்தரவிட்டவள் நான். கூலன்ட் வேண்டுமென்று முருகையா இரண்டு தடவை கேட்டிருந்தார்.

துருவைச் சுரண்டி, புது வளையங்கள் போட்டு, கூலன்ட் நிரப்பி, ஒயிலை இரண்டு தடவை மாற்றினார் பாஸ். முருகையாவைத் தொலைபேசியில் அழைத்து, நாளைக்கு வேலைக்கு வரலாம் என்றேன். பாஸ் கையைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்: "வேலையக் குடுத்திட்டீங்க. மன்னிப்பு?" நான் கைப்பையைத் திறந்து கூலியை எண்ணினேன். அதன்பின் நான் எதற்குப் போனாலும் முதலில் அதைத்தான் விசாரிப்பார்: "கேட்டாச்சா?" இல்லையென்று தலையாட்டுவேன். "அப்ப என்ர வேலை இன்னும் முடியேல்ல."

அடக்கத்தன்று முருகையா எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்தார். நான் அமரவில்லை.

"முருகையா, நீர் தண்ணி ஊத்தேல்ல. பிழை என்ர. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"இருங்கம்மா, கால் வலிக்கும்" என்றார்.

அந்தப் பத்திரிகைத் தாளின் ஒரு துண்டு என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. காய்ந்த இரண்டு துளிகளின் வட்டம் இன்னும் தெரிகிறது. அதையும் அவருடைய கேள்வியையும் நான் வைத்துக்கொள்கிறேன்.

கேட்டாச்சு, பாஸ். உங்கள் காதில் விழும்படி கேட்டிருக்க வேண்டும்.