ஓடைக்கரையில் என் தங்கை

என் தங்கை வனக்காப்பாளர் வேலைக்குத் தேர்வானபோது வேண்டாம் என்று சொன்னவள் நான். டீச்சர் ட்ரெயினிங் படி, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போ என்று ஒரு மாதம் அவளோடு சண்டை போட்டேன். எங்கள் அம்மா கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் களையெடுத்து எங்கள் இருவரையும் படிக்கவைத்தவள். இன்னொரு பெண்ணும் முள்ளிலும் வெயிலிலும் நடக்க வேண்டுமா என்பது என் கோபம். நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். அதுதான் முன்னேற்றம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

போன வருடம் காலாண்டு லீவில் அவளே கூப்பிட்டாள். வாடிப்பட்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் ஓர் ஓடை. அனுமதி வாங்கினால் கரையில் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாம். அவள் ரோந்து போகும் பகுதி அது.

"அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிட்டு வாக்கா. டூட்டியில நானும் அங்கனதான் இருப்பேன்."

போய்ச் சேர்ந்தபோது கணுக்கால் அளவுதான் தண்ணீர். கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. என் பத்து வயது மகள் செருப்பைக் கழற்றி இறங்கியவள் ஏறவே இல்லை. அம்மா டீ போடலாமென்று மூன்று கல்லைக் கூட்டினாள். தங்கை வந்து கல்லைக் கலைத்தாள்.

"காட்டுக்குள்ள தீ மூட்டக் கூடாதும்மா."

"பெத்தவளுக்குமா?"

"பெத்தவளுக்கும்தான்."

அம்மா சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.

தண்ணீரை ஒட்டிய மணலில் கூடாரம் போட எனக்கும் மகளுக்கும் ஆசை. தங்கை விடவில்லை. நாலு ஆள் உயரம் ஏறி, பாறைத் திட்டின் மேல் போடச் சொன்னாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஏறும்போது அவளைத் திட்டினேன். கீழே மதுரையிலிருந்து பைக்கில் வந்திருந்த நான்கு பேர் மணலில்தான் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களிடமும் சொன்னாள். "சரிங்க மேடம்" என்றார்கள், நகரவில்லை.

நாலரை மணி இருக்கும். ஓடையோரம் நடந்துகொண்டிருந்த தங்கை சட்டென்று குனிந்தாள். சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. ஒரு கை அள்ளிப் பார்த்தாள். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கறுத்துக் கிடந்தது.

என் மகளைத் தூக்கிப் பாறைமேல் விட்டாள். விசிலை ஊதிக்கொண்டு மணலுக்கு ஓடினாள்.

"அண்ணே, எந்திரிங்க. மேல மழை பேஞ்சிருச்சு. தண்ணி வருது."

"எங்க மேடம் மழை? இம்புட்டு வெயில் அடிக்குது" என்றார் ஒருவர்.

அவள் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கோவத்த மேல வந்து காட்டுங்க. இப்ப ஏறுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. மணலில் இருந்த மூன்று பேரும் பையை அள்ளிக்கொண்டு ஏறினார்கள்.

நான்காவது ஆள் எதிர்க்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "மாப்ள, ஓடியா, ஓடியா" என்று இவர்கள் கத்த, அவர் ஓடைக்குள் ஒரு காலை வைத்தார். நானும் வரச் சொல்லித்தான் கையாட்டினேன். பத்து எட்டு வைத்தால் இந்தப் பக்கம் வந்துவிடலாம்.

"இறங்காதீங்க. அங்கனயே மேட்டுல ஏறுங்க. பின்னாடி திரும்பி ஏறுங்க" என்றாள் தங்கை.

அவர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் சீருடையை நம்பினாரோ என்னவோ, காலை எடுத்துத் திரும்பி ஏறினார்.

லாரி வருவது போல ஒரு சத்தம். வளைவில் தண்ணீர் இடுப்பளவு எழுந்து வந்தது. சேற்று நிறம், நடுவில் வேரோடு ஒரு மரம். மணல் இருந்த இடம் தெரியவில்லை. அவர் இறங்கியிருந்தால் அந்நேரம் ஓடையின் நடுவில் இருந்திருப்பார். என் கை அப்போதும் தூக்கியபடியே இருந்தது, இறக்கிக்கொண்டேன்.

தங்கை வயர்லெஸ்ஸில் சக ஊழியர்களிடம் பேசினாள். அவர்கள் கீழே உள்ள பாலம் வழியாகப் போய், இருட்டுவதற்குள் அவரைச் சுற்றி அழைத்து வந்துவிட்டார்கள். வந்தவர் அவள் முன்னால் கும்பிட்டு நின்றார். "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் கட்டிப்போன புளிச்சோற்றை அம்மா எல்லோருக்கும் இலையில் வைத்தாள்.

கோபப்பட்டவர்தான் கேட்டார். "அவுங்க உங்க மகளாம்மா?"

"ரெண்டாவது மக" என்றாள் அம்மா. வரப்பில் நின்று நிலக்காரருக்குப் பணிந்து பதில் சொல்லும் குரலையே கேட்டு வளர்ந்தவள் நான். இது வேறு குரல்.

"என் தங்கச்சி" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

காலையில் ஓடை கொஞ்சம் அடங்கியிருந்தது. முகம் கழுவி ஷூ மாட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் உட்கார்ந்தேன்.

"இந்த வேலை வேணாம்னு சொன்னேன்ல. தப்புடி."

"முழுத் தப்பில்லக்கா. வெயில்ல எப்படிக் கறுத்திருக்கேன் பாரு" என்று முழங்கையை நீட்டிக் காட்டினாள். பிறகு கம்பை எடுத்துக்கொண்டு, "ரோந்துக்குப் போயிட்டு வாரேன்" என்று மரங்களுக்கிடையே ஏறிப் போனாள்.

"சித்தி எம்புட்டுத் தூரம் பாத்துக்குவாங்கம்மா?" என்றாள் என் மகள்.

"இந்த மலை முச்சூடும்" என்றேன். அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தெரியும். குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.